வெடிப்பை எங்கே வைக்க?

“இந்தக் கையை வெட்டித் தூரப் போட்டுடலாம் போல இருக்கு,” என்றாள் சந்தனமாரி.

“போட்டா எங்க போய் விழும்?” என்று கேட்டாள் கழிமுகத்தாள்.

சந்தனமாரிக்குச் சுருக்கென்றது. வந்தவளை முதலில் உட்காரச் சொல்ல வேண்டாமா?

ஆறு கடலில் கலக்கிற இடம் அது. ஒற்றைப் பூவரசு. அதன் நிழலில் கழிமுகத்தாள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சொந்தப் பேர் ஒருவருக்கும் தெரியாது. கழிமுகத்தில் கிடப்பதால் கழிமுகத்தாள். சந்தனமாரியைவிட வயதில் சின்னவள். முகத்தைப் பார்த்தால் நேற்றுக் கல்யாணமானவள் என்று சொல்லலாம். கண்ணைப் பார்த்தால் சொல்ல முடியாது.

அவளைத் தேடிப் போனவர்களில் சிலர் சிரித்துக்கொண்டு திரும்பினார்கள். சிலர் வாயே திறக்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றினார்கள்.

“உட்காருங்க அக்கா. கையைக் காட்டுங்க.”

சந்தனமாரி கையை விரித்தாள். பாதி விரிந்ததுமே முகம் கோணியது.

காளவாய்ச் சூளையில் வேக வைத்து எடுத்த கிளிஞ்சல் மாதிரி இருந்தது கை. வெளுத்து, வறண்டு, குறுக்கும் நெடுக்கும் கீறல் விட்டு. கீறலுக்குள்ளே மட்டும் சிவப்பு.

“சுண்ணாம்பா?”

“ஆமா. கிளிஞ்சல் சுண்ணாம்பு. சூளையில வெந்ததைத் தொட்டியில கொட்டித் தண்ணி தெளிச்சு நீத்தணும். நீத்துனதைச் சலிக்கணும். கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து இதே சோலிதான்.”

“வலி எப்ப அதிகம்?”

“சோறு பிசையும்போது.”

“சூளையில இல்லையா?”

“சூளையில காந்தும். அது பழகிப் போச்சு. சோத்துல ரசத்தை ஊத்திக் கையை வச்சேன்னா அம்புட்டுதான். புளியும் உப்பும் வெடிப்புக்குள்ள இறங்கும். உசுரு போய் உசுரு வரும்.”

“கரண்டியால கிளறித் தின்னுங்க.”

“எனக்குன்னா தின்னுட்டுப் போயிருவேன். எங்க வீட்டுக்காரருக்கு நான்தான் ஊட்டணும்.”

கழிமுகத்தாள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததாலேயே சந்தனமாரி சொன்னாள்.

“நீத்துத் தொட்டியில சரிஞ்சு விழுந்துட்டாரு. கண்ணு ரெண்டும் போச்சு. கை விரலெல்லாம் வெந்து மடங்கி ஒட்டிக்கிச்சு. ஒரு பருக்கையை எடுத்து வாயில வைக்க முடியாது. கரண்டியால ஊட்டினா துப்புவாரு. இரும்பு நாக்குல பட்டா ஆகாதாம். பெரிய ராஜா.”

“என்ன வைத்தியம் பார்த்தீங்க?”

“எதைப் பார்க்கல?” சந்தனமாரிக்கு இந்தக் கேள்விதான் வேண்டியிருந்தது. “தேங்கெண்ணெய் தினமும். விளக்கெண்ணெயும் மெழுகும் உருக்கித் தடவினேன். பாலாடை தடவினேன், ஈ மொய்ச்சுது. மருதாணி அரைச்சுக் கட்டினேன். வெடிப்பு போகல, வெடிப்பு செவப்பாச்சு. ஆலம்பால் விட்டு அடைச்சேன். மறுநாள் பக்கத்துல புதுசா விட்டுச்சு. குங்கிலிய வெண்ணெய் போட்டேன். மருந்துக்கடை டியூப்பைப் பிதுக்கினேன். கை பச்சப்பிள்ளை மாதிரி வாசம் அடிச்சுது, வேற ஒண்ணும் நடக்கல. பக்கத்து வீட்டுப் பிச்சைக்கனி ஆட்டுக் கொழுப்பைத் தடவச் சொன்னா. தடவிட்டுக் கண்ணசந்தேன். நாய் வந்து நக்குச்சு.”

கழிமுகத்தாள் சிரிக்கவில்லை.

“இதெல்லாம் கைக்குப் பார்த்த வைத்தியம் அக்கா. வெடிப்புக்கு என்ன பார்த்தீங்க?”

“ரெண்டும் வேற வேறயா?”

கழிமுகத்தாள் குனிந்து, சந்தனமாரியின் உள்ளங்கையில் காதை வைத்தாள்.

பூவரசு இலை ஒன்றும் அசையவில்லை. அலைச் சத்தம் எங்கேயோ தள்ளிப் போன மாதிரி இருந்தது. அந்தக் காது சில்லென்றிருந்தது. இந்த வெயிலில் ஒரு மனுஷியின் காது அப்படி இருக்கக் கூடாது.

“என்ன சொல்லுது?” என்றாள் சந்தனமாரி. கேலியாகக் கேட்கத்தான் நினைத்தாள். கேலி வரவில்லை.

“சொல்லல. மெல்லுது.”

“என்னத்தை?”

“சோத்தை.”

சந்தனமாரி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

*

“என்னால ஆத்த முடியாது,” என்றாள் கழிமுகத்தாள். “எடுக்க முடியும்.”

“எல்லாம் ஒண்ணுதான்.”

“ஒண்ணில்ல. ஆத்தினா அது அங்கேயே அடங்கும். எடுத்தா எங்கயாவது வைக்கணும். எங்க வைக்க?”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டில் அவர் பசியோடு வாசல் பக்கம் காதைத் திருப்பி வைத்திருப்பார். போக நேரமாகும். போனதும் பிசைய வேண்டும். நினைக்கும்போதே விரல் காந்தியது.

“எங்கயாவது வைங்க.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? சூளைக் கசடை நாங்க யோசிச்சா கொட்டுதோம்? கூடையைத் தூக்கிப் பின்னால வீசிட்டுப் போய்க்கிட்டே இருப்போம். என் கையில இல்லாம இருந்தா சரி.”

சூளைக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். வேகாத கிளிஞ்சலும் கரித்தூளும் கூடையில் இருக்கிற வரைக்கும்தான் பாரம். தோளுக்குப் பின்னால் போய்விட்டால் ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

“சரி,” என்றாள் கழிமுகத்தாள்.

எண்ணெய் இல்லை, இலை இல்லை, மந்திரம் இல்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் சந்தனமாரியின் உள்ளங்கைகளின் மேல் வைத்து, மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தாள். கையுறையை உருவுகிற மாதிரி.

இழுத்ததும் முஷ்டியை மூடிக்கொண்டாள். மூடிய முஷ்டிக்குள் ஏதோ உதறியது.

எழுந்து, ஊர் இருக்கிற திசைக்குத் திரும்பி நின்று, விரல்களைத் திறந்தாள்.

ஒன்றும் விழவில்லை. ஆனால் ஈர மணலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த நண்டுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் வளைக்குள் ஓடின.

சந்தனமாரி தன் கையைப் பார்த்தாள். தோல் உரித்த நுங்கு மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை. ரேகையும் இல்லை.

அப்போதுதான் கழிமுகத்தாளின் உள்ளங்கையையும் பார்த்தாள். அதிலும் ரேகை இல்லை.

கேட்டிருக்கலாம். பசித்த புருஷன் ஞாபகம் வந்துவிட்டது. கும்பிட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

*

வழியெல்லாம் தொட்டுக்கொண்டே வந்தாள். வேலிக் கம்பி, மதில், பனை மரம். எதுவும் குத்தவில்லை, எதுவும் காந்தவில்லை. ஒரு குமரியாட்டம் கையை வீசி நடந்தாள்.

வாசலில் அவள் வளர்க்கிற வெள்ளாடு கட்டிக் கிடந்தது. எப்போதும் அவள் கையை நக்கும். இன்றைக்கு மோந்து பார்த்தது. கயிறு இழுக்கிற மட்டும் பின்னுக்குப் போய் நின்றுகொண்டது.

“உனக்கென்ன வந்துச்சு, மூதேவி,” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

அவள் புருஷன் கொம்பையா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“ஏளா, வந்துட்டியா? நேரமாச்சுல்லா?”

“வந்துட்டேன். இந்தா பிசையுதேன்.”

சோற்றை அள்ளி வைத்தாள். ரசத்தை ஊற்றினாள். மரவைக் கிண்ணத்திலிருந்து உப்பை விரல் நிறைய எடுத்துப் போட்டாள். ஐந்து விரலும் முங்கப் பிசைந்தாள். குழையக் குழையப் பிசைந்தாள். கொஞ்சமும் எரியவில்லை. இத்தனை வருஷத்தில் சோறு இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பதே அவளுக்குத் தெரியாது.

உருட்டி அவன் வாயில் வைத்தாள்.

மென்றான். மெல்லுவதை நிறுத்தினான். மறுபடி மென்றான்.

“ருசியா இருக்கு,” என்றான்.

அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அவன் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னவனில்லை.

விழுங்கிவிட்டு, மடங்கின விரல்களால் வேட்டியை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். முதுகை நிமிர்த்தினான்.

“யாரும்மா நீங்க?” என்றான்.

அவள் சிரித்தாள். “விளையாட்டைப் பாரு. நான்தான்.”

“நீங்க யாருன்னு கேட்டேன்மா.”

“மாரி. உங்க பெண்டாட்டி.”

“குரல் அவ குரல் மாதிரிதான் இருக்கு.” யோசித்தான். “குரலுக்கென்ன, ஒண்ணுபோல ரெண்டு பேருக்கு இருக்கும். அவ இப்ப வந்துருவா. நீங்க எதுக்குச் சிரமப்படுதீங்க?”

அடுத்த உருண்டையை நீட்டினாள். அவன் வாயைத் திறக்கவில்லை. கோபமில்லை, வெறுப்பில்லை. பந்தியில் போதும் என்கிற மாதிரி, மரியாதையாக, தலையை மட்டும் அசைத்தான்.

*

மறுநாள் சூளையில் பிச்சைக்கனி அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏளா மாரி, இந்தக் கையை யாருகிட்ட இரவல் வாங்கினே? திருப்பிக் கொடுக்கணுமா, இல்ல வச்சுக்கிடலாமா?”

எல்லாரும் சிரித்தார்கள். சந்தனமாரியும் சிரித்து வைத்தாள்.

சூடான கிளிஞ்சலை வாரினாள். சூடு தெரியவில்லை. கூடையின் ஓரம் விரலை அழுத்தியது. அழுத்துகிறது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

உச்சி வேளைக்கு வீட்டுக்கு ஓடினாள். நேற்றுக் காலையிலிருந்து அவன் ஒரு வாய்ச் சோறுதான் தின்றிருக்கிறான்.

கொம்பையா ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தான்.

அவன் முன்னால் தட்டு இருந்தது. காலையில் அவள் சட்டியில் மூடி வைத்துவிட்டுப் போன சோறு. யாரோ ரசம் ஊற்றிப் பிசைந்திருந்தார்கள். மிச்சச் சோற்றில் விரல் தடம் இருந்தது. தடம் ஈரமாக இருந்தது.

“யாரு ஊட்டினா?”

“நேத்து வந்த அம்மாவா? வாங்க. உட்காருங்க. எங்க வீட்டுக்காரி ஊட்டிட்டு இப்பதான் எந்திச்சுப் போனா. வாசல்ல நீங்க எதிர்ல பார்த்திருக்கணுமே.”

வாசலில் ஆடு மட்டும்தான் நின்றது. இன்றைக்கு அது வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

சந்தனமாரி அவன் எதிரே உட்கார்ந்தாள்.

“உங்க வீட்டுக்காரி என்ன பேசினா?”

“அவ பேச மாட்டா. நேத்துல இருந்து பேச்சே இல்ல. கோவமா இருக்கும்.” மெல்லச் சிரித்தான். “அவளுக்குக் கோவம் கூடத்தான். ஆனா கை வந்துரும். வாய் வராட்டாலும் கை வந்துரும்.”

“அவகிட்ட குறையே இல்லையா?”

“குறை இல்லாத ஆளு யாரு? நான் கேக்கது இல்லம்மா. சோத்துல எது கூடினாலும் குறைஞ்சாலும் கேக்கது இல்ல. கேட்டா அவளுக்குத்தான் எரியும்.”

தன்னைப் பற்றித் தன்னிடமே ஒருவன் சொல்லக் கேட்டுக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரியைப்போல அவள் தலையை ஆட்டினாள். அவன் பார்க்க முடியாது என்பது மறந்து போயிருந்தது.

*

பழைய கை வேண்டும். அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது.

பழைய கை எப்படி வந்தது? சுண்ணாம்பில் வந்தது. சுண்ணாம்புதான் இருக்கிறதே.

மறுநாள் நீற்றுத் தொட்டியில் தண்ணீர் தெளித்து, கிளிஞ்சல் சீறிப் பொடிகிற நேரத்தில், இரண்டு கையையும் மணிக்கட்டு வரைக்கும் உள்ளே விட்டாள்.

“அடிப் பாவி! பைத்தியமா உனக்கு?” பிச்சைக்கனி அலறிக்கொண்டு வந்து இழுத்தாள். “எண்ணெய், எண்ணெய் கொண்டாங்கடி! தண்ணி ஊத்திராதீங்க!”

எண்ணெய் தேவைப்படவில்லை. சேம்பு இலையில் தண்ணீர் நிற்காத மாதிரி, கொதித்த சுண்ணாம்பு அந்தக் கையில் நிற்கவில்லை. உருண்டு வழிந்து விழுந்தது. கை நுங்கு மாதிரியே இருந்தது.

பிச்சைக்கனி அந்தக் கையை விட்டுவிட்டாள். தன் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“என்னளா இது?”

சந்தனமாரி சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

பிச்சைக்கனி எதற்கும் பயப்படுகிற பொம்பிளை இல்லை. “புருஷன் உன்னைய ஏய்க்கான்,” என்றாள். “எவளோ வந்து ஊட்டிட்டுப் போறா. நான் போய்ப் பார்க்கேன். எவளா இருந்தாலும் கொண்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வாரேன்.”

உச்சிக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். கொண்டை அவிழ்ந்திருந்தது, அவளுடையதுதான்.

“பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“யாரு?”

“யாருமில்ல.” செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். “உன் புருஷன் வாயைத் திறக்கான், மூடுதான், மெல்லுதான். எதிர்ல ஆளில்ல. தட்டுல சோறு மட்டும் குறைஞ்சுகிட்டே வருது.”

சந்தனமாரி தன் கையைப் பார்த்தாள்.

“மாரி, கோவிச்சுக்காத. இனி உச்சி வேளைக்கு அந்தப் பக்கம் என்னைய அனுப்பாத.”

*

“எங்க கொட்டினீங்க?” என்றாள் சந்தனமாரி. அடுத்த நாள் காலையில் வந்தவள் கும்பிடவில்லை. உட்காரவும் இல்லை.

கழிமுகத்தாள் அதே பூவரசு நிழலில், அதே மாதிரி கால் நீட்டி இருந்தாள். அன்றிலிருந்து எழுந்திருக்கவே இல்லையோ என்னவோ.

“எங்கயாவதுன்னு சொன்னீங்க.”

“எங்கயாவதுன்னா என் வீட்டுக்குள்ளயா?”

“நான் வழியைத் திறந்துவிட்டேன் அக்கா. அது தெரிஞ்ச இடத்துக்குப் போயிருக்கு. ஆளை விட்டுட்டாலும் வேலையை விடாது.”

“எனக்கு அது வேணும். திருப்பிக் கொடுங்க.”

கழிமுகத்தாள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். சிப்பியின் உள்பக்கம் மாதிரி வெறுமையாக மினுங்கின.

“எங்கிட்ட இல்ல.”

“உங்ககிட்ட வேற என்னதான் இருக்கு? உங்களுக்கும் ரேகையே இல்லையே, உங்களோடதை நீங்க எங்க கொட்டினீங்க?”

கோபத்தில் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு பயமாக இருந்தது.

கழிமுகத்தாள் ஆற்றைப் பார்த்தாள்.

“நான் உப்பளத்துல கிடந்தவ. எனக்கும் கை வெடிச்சுது. நானும் ஒருத்தர்கிட்ட வந்து, எங்கயாவது வைங்கன்னேன்.”

“வந்து?”

“அப்ப எனக்குப் பிள்ளை தொட்டில்ல.”

அலை ஒன்று ஏறி வந்து, மணலைத் தொட்டுவிட்டுப் போனது.

“வீட்டுக்குப் போனேன். தொட்டில் ஆடிக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல யாருமில்ல. பிள்ளை சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் தூக்கினேன். வீறிட்டு அழுதுச்சு. திரும்பத் தொட்டில்ல போட்டேன். தொட்டில் தானா ஆட ஆரம்பிச்சுது. அழுகை நின்னுபோச்சு.”

“ஐயோ. நீங்க என்ன செஞ்சீங்க?”

“என்னைய இந்த மாதிரி ஆக்கினவங்களைத் தேடி ஓடி வந்தேன். திருப்பிக் கொடுங்கன்னு சண்டை போட்டேன். அழுதேன். காலைப் பிடிச்சேன். பொழுது போயிருச்சு. மறுநாளும் வந்தேன்.”

“அப்புறம்?”

“அப்புறமும் வந்தேன். இங்கேயேதான் இருக்கேன்.”

சந்தனமாரி அந்த முகத்தைப் பார்த்தாள். நேற்றுக் கல்யாணமானவளின் முகம்.

“பிள்ளைக்கு இப்ப என்ன வயசு?”

“தெரியல. தொட்டில் எல்லாம் எப்பவோ அவிழ்த்திருப்பாங்க. கை இன்னும் அங்கதான் இருக்கும். நெத்தியைத் தொட்டுப் பார்த்துக்கிட்டு, தலையைக் கோதிக்கிட்டு.” கழிமுகத்தாள் நிமிர்ந்தாள். “அக்கா, நிழலைப் பாருங்க.”

சந்தனமாரி குனிந்து பார்த்தாள். நிழல் காலடிக்குள் சுருங்கிக்கொண்டிருந்தது.

“அது வார நேரம்,” என்றாள் கழிமுகத்தாள். “அது அங்க வரும்போது நீங்க எங்க இருக்கீங்க?”

சந்தனமாரி ஊர் இருக்கிற திசையைப் பார்த்தாள்.

பிறகு ஓடினாள். செருப்பு கழிமுகத்து மணலிலேயே கிடந்தது.

*

கதவு ஒருக்களித்திருந்தது. ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

உள்ளே கொம்பையா. அவன் எதிரே தட்டு. தட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவருமில்லை.

சோறு அசைந்தது.

ஒரு பக்கம் குழிந்தது. ரசம் அந்தக் குழிக்குள் ஓடியது. மறுபக்கம் அழுந்தியது. பருக்கை நசுங்குகிற சத்தம் கேட்டது. ஒரு கவளம் திரண்டு, தட்டை விட்டு எழும்பி, நடுவழியில் ஒரு கணம் நடுங்கியது.

கொம்பையா வாயைத் திறந்தான்.

சந்தனமாரி வாசலிலேயே நின்றாள். ஓடிவிடலாம். பூவரசு நிழல் இருக்கிறது. அங்கே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

உள்ளே வந்து, தட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

“யாரு, அந்த அம்மாவா?” என்றான் கொம்பையா. “பார்த்து உட்காருங்க. அவ ஊட்டிக்கிட்டு இருக்கா.”

“பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

தட்டில் அசைவு நின்றுவிட்டது. அது கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

கையை நீட்டினாள். சோற்றில் வைத்தாள்.

ஏதோ பட்டது. சொரசொரவென்று, காய்ந்த மீன் செதிள் மாதிரி. அது சட்டென்று பின்வாங்கியது. வெட்டி எறிகிறேன் என்று சொன்னவளிடம் ஒரு கை அப்படித்தான் நடந்துகொள்ளும்.

அவள் கையை எடுக்கவில்லை. உள்ளங்கையைத் திருப்பி, விரித்து, அப்படியே வைத்தாள்.

ஆறிக்கொண்டிருந்த ரசத்தின் மேல் ஒரு ஈ சுற்றியது. கொம்பையா வாயைத் திறந்தபடி காத்திருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அது வந்தது. விரல்நுனியை முதலில் தொட்டது. அப்புறம் விரலை. அப்புறம் முழுதும் வந்து அவள் கைக்குள் அடங்கியது. அது எவ்வளவு கனமாக இருந்தது என்பதும், உள்ளுக்குள் எவ்வளவு சூடாக இருந்தது என்பதும், அது அவள் தோளோடு ஒட்டியிருந்த காலத்தில் ஒரு நாளும் அவளுக்குத் தெரிந்ததில்லை.

“இருந்துக்கோ,” என்றாள், மெதுவாக.

வலி மணிக்கட்டிலிருந்து கிளம்பி நடு உச்சிக்கு ஏறியது. பல்லைக் கடித்தாள். கண்ணில் நீர் முட்டியது. உள்ளங்கையில் ஒவ்வொரு கீறலாக வாய் திறந்தது.

பிசைந்தாள். புளி உள்ளே இறங்கியது. மரவையிலிருந்து உப்பைக் கிள்ளினாள். உப்பு வெடிப்பைத் தொட்டதும் விரல் தானாக உதறிக்கொண்டது. கிள்ளினதில் பாதி மரவைக்கே திரும்பி விழுந்தது.

எப்போதும் அப்படித்தான் விழுந்திருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

உருட்டி அவன் வாயில் வைத்தாள்.

கொம்பையா மென்றான். நிதானமாக, கடைசிப் பருக்கை வரைக்கும் மென்றான். தலையைச் சாய்த்து, அவள் இருக்கிற பக்கம் காதைக் கொண்டு வந்தான்.

“ஏளா.”

“ம்.”

“இங்க ஒரு அம்மா வந்துக்கிட்டு இருந்தாங்க. உப்பெல்லாம் சரியாப் போட்டாங்க.”

“போயிட்டாங்க.”

அவன் கொஞ்சம் யோசித்தான்.

“போகட்டும்,” என்று சொல்லிவிட்டு, வாயைத் திறந்தான்.